சாம்பி முகத்தை மறைத்த கதை

அந்தக் காலத்தில், பூனையும் கோழியும் மாடும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பூனை இன்றைக்கு இருப்பதுபோல இல்லை. தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடக்கும். தூணில் உரசாது, யார் காலிலும் உரசாது. தடவ வருகிறவர்களிடம், "கையைக் கழுவிட்டு வா" என்று சொல்லும்.

சாம்பி அப்படிப்பட்ட பூனை. சாம்பல் நிறமாக இருந்ததால் அந்தப் பேர். ஆற்றங்கரையில் மாரப்பன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அந்த வீட்டில் எந்த மூலையில் எலி வரும், எந்த நேரத்தில் எங்கே வெயில் விழும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தனக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று மாடுகளிடம் பெருமை அடித்துக்கொள்வாள். மாடுகள் அசைபோட்டபடி கேட்டுக்கொள்ளும்.

ஓர் ஐப்பசி மாதம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. வீட்டுச் சுவர் கரைந்து விழுந்தது. மாரப்பன் ஊருக்கு மேற்கே மேட்டில் புதிதாக ஒரு குடிசை போட்டான். அவன் மனைவி சிலம்பாயி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். சாம்பியை ஒரு கூடைக்குள் வைத்து மூடித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கூடையைத் திறந்ததும் சாம்பிக்குத் திக்கென்று ஆகிவிட்டது. பச்சை மண்ணும் புது மூங்கிலும் அடித்த வாடையில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுகூட இல்லை. யார் வீட்டுக்குள்ளோ திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டதுபோல இருந்தது. கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்தவள் வெளியே வரவில்லை.

"என்ன சாம்பி, வெச்ச சோறு அப்படியே கெடக்குது?" என்று சிலம்பாயி குனிந்து கேட்டாள்.

"பசியில்ல."

"புது எடம்னு பயமா இருக்குதா?"

"பயமா? எனக்கா?" என்றாள் சாம்பி.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. கூரையில் காற்று சரசரத்தால் முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. கண்ணை மூடினால் யாரோ பின்னால் நிற்பதுபோல இருந்தது. ஒருநாள் அடக்க முடியாமல் குழந்தையின் தொட்டில் துணியிலேயே மூத்திரம் போய்விட்டாள். சிலம்பாயி ஒரு சொல் சொல்லாமல் அதைத் துவைத்துக் காயப்போட்டாள். மாரப்பன்தான் முகம் சுளித்தான்.

"கைக்கொழந்தை இருக்கற வீடு இது. இன்னிக்குத் துணி, நாளைக்குக் கொழந்தையா? ஒருக்கா நகத்தைக் காட்டுச்சுன்னா கொண்டுபோய்க் காட்டுல விட்டுருவேன், பாத்துக்க."

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க. அது பயந்துக்கிட்டுக் கெடக்குது, அவ்வளவுதான்" என்றாள் சிலம்பாயி.

கட்டிலுக்கு அடியில் இருந்த சாம்பிக்கு அது பிடிக்கவில்லை. தன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டாளே என்று கறுவிக்கொண்டாள்.

அடுத்த நாள் பொழுது சாய்கிற நேரம். மாரப்பன் வயலில் இருந்தான். அடுப்படியில் இருந்த பித்தளைக் குடம் சரிந்து உருண்டு சுவரில் மோதியது. குழந்தை வீறிட்டது. சாம்பி கட்டிலுக்கு அடியில் சுருண்டு நடுங்கினாள். குழந்தையை அமர்த்திவிட்டு வந்த சிலம்பாயி தரையில் முழங்காலிட்டு, தலையைக் கட்டிலுக்குக் கீழே நுழைத்து, "ஒண்ணுமில்ல சாம்பி, கொடந்தான். வா தங்கம், வா" என்று கையை நீட்டினாள்.

சாம்பிக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. இருட்டில் ஏதோ தன்னைப் பிடிக்க வருகிறது என்று மட்டும்தான் தெரிந்தது. நகங்களை நீட்டி ஓர் அறை அறைந்தாள்.

"அம்மா!" என்று சிலம்பாயி கன்னத்தைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. இன்னும் கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

அப்போதுதான் சாம்பி அவள் முகத்தைப் பார்த்தாள். தனக்குப் பால் ஊற்றியவளின் முகம். சாம்பியின் உடம்பெல்லாம் கூசிச் சுருங்கியது.

இருட்டுவதற்குள் மாரப்பன் வந்துவிட்டான். "கன்னத்துல என்ன புள்ளே?" என்றான்.

சிலம்பாயி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "வெறகு எடுக்கப் போனனுங்க. முள்ளு கிழிச்சுப்போடுச்சு."

மாரப்பன் விளக்கைத் தூக்கிப் பார்த்தான். "முள்ளு இப்படி வரிசையாவா கிழிக்கும்?" என்றான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் ஒருமுறை கட்டிலுக்கு அடியில் பார்த்தான். பிறகு கால் கழுவப் போய்விட்டான்.

அவன் தன்னை வாலைப் பிடித்து வெளியே எறிந்திருந்தால்கூடச் சாம்பிக்குத் தேவலை என்று இருந்திருக்கும். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 'நாந்தான் பிறாண்டினேன்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் காட்டில் விட்டுவிடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். தனக்காகச் சிலம்பாயி பொய் சொல்ல, தான் பேசாமல் இருந்ததை நினைக்க நினைக்க முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விடிந்ததும் சிலம்பாயி அடுப்படிக்கு வந்தாள். சாம்பி சட்டென்று தூணின் பக்கம் திரும்பி, முகத்தை அதில் அழுத்திக்கொண்டாள். சிலம்பாயி வாசலுக்குப் போனால் நிலைக்கதவில் கன்னத்தைப் பதித்தாள். அம்மிக்குப் போனால் கட்டில் காலில். அந்தக் கீறல் கண்ணில் பட்ட போதெல்லாம் முகத்தையே துடைத்துப் போட்டுவிடுகிறவள்போலக் கன்னத்தைத் தேய்த்தாள், தேய்த்தாள், வலிக்கும்வரை தேய்த்தாள்.

பூனையின் கன்னத்துக்குள் மனிதர் மூக்குக்கு எட்டாத ஒரு வாசம் உண்டு. அது அவளுக்கே தெரியாது. தேய்த்த இடத்திலெல்லாம் அது ஒட்டிக்கொண்டது. பொழுது ஏறியபோது ஒரு விஷயம் அவளுக்கு உறைத்தது. தூண் பக்கம் போனால் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. கூரை சரசரத்தது, முதுகு சிலிர்க்கவில்லை. தூணிலும் கதவிலும் தன் வாடையே அடித்ததால், சுவர் வேற்று ஆள் வீட்டுச் சுவராகத் தெரியவில்லை.

நடுக்கம் விட்டுப்போனது. வெட்கம் மட்டும் போகவில்லை. நடுக்கம் போனதால் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

சிலம்பாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். சாம்பி தரையைப் பார்த்தபடியே அவள் அருகில் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். தொண்டையில் கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம்தான் வந்தது. வார்த்தை வரவில்லை. முகத்தை மறைத்துக்கொள்ள அங்கே தூண் இல்லை, கதவு இல்லை. சிலம்பாயியின் கணுக்கால்தான் இருந்தது. அதில் கன்னத்தை வைத்து அழுத்தினாள்.

சிலம்பாயி களைந்த அரிசியைக் கீழே வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "எனக்கும் இங்க வந்ததிலிருந்து தூக்கமே இல்ல சாம்பி. காத்தடிச்சாலே ஆறு வருதோன்னு எந்திரிச்சு உக்காந்துக்கறேன். பயமா இருக்குதுன்னு நானும் ஆருகிட்டயும் சொல்லல."

சாம்பி தலையைத் தூக்கவில்லை. கன்னத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

கீறல் ஆறியது, தழும்பு மறையவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் சாம்பி வந்து சிலம்பாயியின் காலில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பிறகு பிறந்த குட்டிகளும் தாயைப் பார்த்து அப்படியே செய்தன, காரணம் தெரியாமலே.

அன்று முதல்தான் பூனைகள் புது இடத்துக்குப் போனால் தூணிலும் கதவிலும் கன்னத்தைத் தேய்த்துப் பயத்தைத் தணித்துக்கொள்கின்றன; நம் காலடிக்கு வந்தும் முகத்தைத் தேய்க்கின்றன. பூனை கொஞ்சுகிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அதில் பாதி, நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்க முடியாத வெட்கம்.