செவந்தியின் தப்பு

ஒரு மலைக்காட்டில் காத்தாயி என்ற கரடியும் அதன் குட்டி செவந்தியும் இருந்தன. மலைக்குக் கீழே ஊர்த் திருவிழா வரும்போதெல்லாம் தப்பு மேளம் அடிக்கும் சத்தம் காற்றோடு மேலே ஏறி வரும். காத்தாயி வாயிலிருக்கும் தேனைக்கூட விழுங்க மறந்து கேட்டுக்கொண்டிருக்கும். அந்த அடி நம் குகை வாசலில் ஒரு நாளாவது கேட்காதா என்று அதற்குத் தீராத ஏக்கம்.

ஒரு திருவிழா முடிந்த மறுநாள், யாரோ காட்டோரத்தில் மறந்துவிட்டுப் போன தப்பு செவந்தியின் கையில் கிடைத்தது. கூடவே இரண்டு குச்சிகளும் கிடந்தன. காத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை.

"அடி கண்ணு. திருவிழாவுல கேட்டோமே, அதே மாதிரி அடி."

செவந்தி அடித்தது.

"தப்பு" என்றது அம்மா.

"ஆமாம்மா, தப்புதான்!" என்று குட்டி சந்தோஷமாகத் தலையாட்டியது. மேளத்தின் பேரைத்தான் அம்மா சொல்கிறது என்று நினைத்துக்கொண்டது, பாவம்.

"எதிர்த்தா பேசுறே? மூணாவது அடி தப்பு. திரும்ப அடி."

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். குச்சி தோலில் படுவதற்குள் அம்மா வாயிலிருந்து "தப்பு" வந்து விழும். கரையான் புற்றைத் தோண்டும்போதும் ஒரு காது இங்கேயே இருக்கும். அங்கிருந்தே "தப்பு, தப்பு" என்று கத்தும். காத்தாயிக்கு அடிக்கத் தெரியுமா என்று கேட்காதீர்கள். அது ஒரு குச்சியைக்கூடப் பிடித்ததில்லை. ஆசை மட்டும் மலையளவு இருந்தது.

ஒரு நாள் செவந்தி தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்பு தொலைஞ்சுபோச்சும்மா" என்றது.

குகை அமைதியாகிவிட்டது. காத்தாயிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திருவிழாச் சத்தத்துக்கு ஏங்கியதெல்லாம் போய், தன் குட்டியின் தடுமாறும் அடிக்காக ஏங்கியது. அதைக் கேட்டால் போதும் என்றிருந்தது.

ஒரு மதியம் தேன் தேடி ஓடையைத் தாண்டியபோது அந்தச் சத்தம் கேட்டது. காத்தாயி மெல்ல நடந்து போய்ப் புதர் மறைவில் நின்றது. மருத மரத்தடியில் செவந்தி தப்பு அடித்துக்கொண்டிருந்தது. எதிரே ஒரு கிழட்டு எருமை அசைபோட்டபடி படுத்திருந்தது.

மூன்றாவது அடியில் குச்சி இடறியது.

"ம், அப்புறம்?" என்றது எருமை. அவ்வளவுதான். செவந்தி தொடர்ந்து அடித்தது.

காத்தாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்னை மறந்து ஓரடி முன்னால் வைத்தது. சருகு சத்தம் கேட்டுத் திரும்பிய செவந்தி, சட்டென்று மேளத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தது.

"இங்கே தப்பு இல்லம்மா" என்றது.

காத்தாயி குட்டியின் அருகில் வந்தது.

"இல்லதான் கண்ணு. அது இத்தனை நாளும் என் வாயில இருந்துச்சு."

பிறகு கையை நீட்டியது. "அதைக் குடு. நிழல்லயே கிடந்து தோல் தொய்ஞ்சுபோயிருக்கு பாரு."

மேளத்தை வாங்கி, வெயிலில் சுட்ட பாறைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிக் காய்ச்சியது. தோல் விறைத்ததும் குட்டியிடம் கொடுத்துவிட்டு எருமைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

செவந்தி அடித்தது. மூன்றாவது அடி இடறியது. குச்சி அப்படியே நின்றது. குட்டி அம்மாவின் வாயைப் பார்த்தது. எருமைகூட அசைபோடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

காத்தாயியின் வாய் திறந்தது. நுனி நாக்குவரை வந்ததை அது சிரமப்பட்டு விழுங்கியது.

"ம், அப்புறம்?" என்றது.

அன்று மாலை தப்பு குகைக்குத் திரும்பி வந்தது. மூன்றாவது அடி அன்றும் சரியாக வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஆனால் காத்தாயி ஏங்கிய சத்தம் அதன் வாசலிலேயே கேட்டது. வாயில் தேன் இருந்தது. அதை விழுங்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளை சரியாக வாசிப்பதைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள், அது தப்பாக வாசிப்பதையும் பக்கத்திலிருந்து பொறுமையாகக் கேட்க வேண்டும்.