கொம்பையன் வாங்கிய ஹார்ன்

மலைக்காட்டில் ஓர் ஆயினி மரம். அதன் பொந்துக்குள் மஞ்சாயி என்ற இருவாச்சிப் பறவை குடியிருந்தாள்.

குடியிருந்தாள் என்றால் சும்மா இல்லை. உள்ளே போய் உட்கார்ந்து, மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து, வாசலைத் தானே பூசி அடைத்துக்கொண்டாள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டாள். இருவாச்சிப் பெண்களுக்கு அதுதான் வழக்கம். முட்டை வைத்து, குஞ்சு பொரித்து, அது தேறும்வரை வெளியே வரமாட்டார்கள். பெரிய சிறகெல்லாம் உள்ளேயே உதிர்ந்துவிடும். வாசல் திறந்தே கிடந்தாலும் பறக்க முடியாது.

அத்தனை நாளும் வயிற்றைப் பார்த்துக்கொள்வது புருஷன்தான். மஞ்சாயியின் புருஷன் பெயர் கொம்பையன். அத்திப்பழங்களைத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு வருவான். கீறல் வழியாக ஒவ்வொன்றாக ஊட்டுவான்.

மஞ்சாயிக்கு அந்தக் கீறல் வழியாகத் தெரிந்தது ஒரு கிளை, நாலு இலை, ஒரு துண்டு வானம். மற்றதெல்லாம் காதால்தான் தெரியும். கொம்பையன் வரும்போது "வூஸ்... வூஸ்..." என்று அவன் இறக்கை காற்றை அறுக்கும். அது தூரத்திலேயே கேட்கும். அது கேட்டாலே அவளுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும்.

ஒரு நாள் பேய்க்காற்று அடித்தது. கொம்பையனின் இடது இறக்கை கிளையில் மோதிச் சுளுக்கிக்கொண்டது. கிளைக்குக் கிளை தாவ முடிந்தது. தூரம் பறக்க முடியவில்லை. பக்கத்து அத்தி மரங்களில் பழமும் தீர்ந்துபோனது. பழம் இருந்தது அடுத்த மலையில்.

அங்கே போய்வர ஒரே வழி, கரடி மாசாணத்தின் ஜீப். பாறை, சேறு, ஓடை எதுவானாலும் ஏறி இறங்கும் ஜீப் அது. வழியில் பன்னிரண்டு வளைவு. பன்னிரண்டாவது வளைவு ஆயினி மரத்துக்குக் கீழே. கொம்பையன் விடிந்ததும் கூடையோடு ஏறுவான். பொழுது சாயத் திரும்புவான்.

ஜீப்பின் உறுமல் ஓடை இரைச்சலில் கரைந்துவிடும். இறக்கைச் சத்தமும் இல்லை. திடீரென்று மரத்தில் "டொக் டொக்" என்று அலகால் தட்டுவான். மஞ்சாயி திடுக்கிட்டுப் போவாள்.

ஒரு நாள் அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"எப்ப வர்றீங்கன்னே தெரியலை மாமா. நாளெல்லாம் காதைத் தீட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். குரங்கு கிளையை உலுப்பினா நீங்கதான்னு நினைக்கிறேன். காய் விழுந்தா நீங்கதான்னு நினைக்கிறேன்."

"அதான் தினமும் வந்துடறேனே, புள்ள!"

"வந்த பிறகு எனக்கென்ன கவலை? வர்ற வரைக்கும்தான்..."

மேலே சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. புதிதாகப் பொரித்திருந்த குஞ்சின் முதுகைக் கோதிவிட்டாள்.

கொம்பையனுக்கு அது மனதில் தைத்துவிட்டது. அவள் கேட்கிற மாதிரி தூரத்திலிருந்தே சேதி சொல்ல ஒரு வழி வேண்டும். அவனுக்கு வழியில் குரல் கொடுக்கிற பழக்கமே கிடையாது. தொண்டை நிறையப் பழத்தோடு பறந்து பழகியவன். வாயைத் திறந்தால் பழம் விழுந்துவிடுமே!

மறுநாள் சாயங்காலம். ஓடைக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் எழுந்தது.

"பாஆஆஆங்ங்!"

மரம் அதிர்ந்தது. குஞ்சு மஞ்சாயியின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் "டொக் டொக்" கேட்டது.

"கேட்டுச்சா, புள்ள?" கொம்பையனுக்கு மூச்சு வாங்கியது.

"என்ன மாமா அது? மலை சரிஞ்சிட்டதோன்னு பயந்துட்டேன்!"

"ஹார்ன்! கருமந்தி கடையில வாங்குனேன். நானும் வர்றேன், பழமும் வருதுன்னு உனக்குச் சேதி!"

கடையில் நடந்ததை அவன் கீறல் வழியாகவே கதை கதையாகச் சொன்னான். கருமந்தி மூன்று ஹார்ன் எடுத்து வைத்ததாம். ஒன்று, ரப்பர் பந்தை அமுக்கினால் "பாம்" என்று கத்துவது. இன்னொன்று, ஜீப்பின் பேட்டரியில் மாட்டுவது. மூன்றாவது, கையில் எடுத்துப் போகிற டப்பா. சிவப்பு வாய். உள்ளே காற்றை அடைத்து வைத்திருந்தது.

"எது அதிகமா கத்தும்னு கேட்டேன். டப்பாவைக் காட்டுச்சு. யாருக்குக் கேக்கணும்னு கேட்டுச்சு. என் பொண்டாட்டிக்குன்னேன். அதுக்கு அந்தக் கருமந்தி, 'ஏப்பா, வண்டிக்கு வாங்கறியா, வீட்டுக்கு வாங்கறியா?'ன்னு சிரிக்குது!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டுக்கும்தான்னேன்! 'அடைச்ச காத்து தீர்ந்தா டப்பா ஊமை, பாத்து அமுக்கு'ன்னும் என்னமோ சொல்லுச்சு. நான் அதுக்குள்ள ஜீப்புல ஏறிட்டேன்."

மஞ்சாயிக்குச் சிரிப்பு வந்தது. தனக்காக ஒருவன் மலையே அதிரக் கத்திக்கொண்டு வருகிறான்! அன்று பழம் கூடுதலாக இனித்தது.

அதற்குப் பிறகு கொம்பையன் எல்லா வளைவிலும் அமுக்கினான். முதல் வளைவில் "கிளம்பிட்டேன்!" என்று அமுக்கினான். ஆறாவதில் "பாதி வந்துட்டேன்!" என்று அமுக்கினான். எதிரே யாரும் இல்லாத நேர்வழியிலும் ஆசைக்கு ஒரு முறை அமுக்கினான்.

மஞ்சாயி ஒவ்வொன்றையும் எண்ணினாள். சத்தம் கிட்டே வர வர, வாசல் பூச்சை அலகால் கொத்திக் கொஞ்சம் அகலமாக்கி வைப்பாள். சுளுக்கிய இறக்கையோடு அவன் கிளையில் வெகுநேரம் தொங்கக் கூடாதே! பழத்தைச் சட்டென்று போட்டுவிட்டு அவன் உட்கார வேண்டும். அவன் போனதும் மறுபடி பூசிக்கொள்வாள்.

காட்டில் மற்றவர்களுக்கு அப்படி இனிக்கவில்லை. மேல்கிளை மலையணில் சடையக்கா இறங்கி வந்தாள்.

"ஏம்மா மஞ்சாயி, உன் வீட்டுக்காரன் வர்றதை ஊருக்கே தண்டோரா போடணுமா? கையிலிருந்த கொட்டை ஓடைக்குள்ள விழுந்துடுச்சு! புள்ளிமான் குட்டி ஒண்ணு மிரண்டு ஓடி, ரெண்டு நாளா தாய் தேடிக்கிட்டு அலையுது!"

அந்தத் தாய்மானை நினைத்ததும் மஞ்சாயிக்கு என்னவோ செய்தது. "அவர்கிட்டச் சொல்றேன் அக்கா" என்றாள். ஆனால் சாயங்காலம் ஹார்ன் கேட்டதும் சொல்ல மறந்துவிட்டாள். மறந்தாளா, மறந்த மாதிரி இருந்துவிட்டாளா, அவளுக்கே தெரியாது.

மறுநாள் கீறலுக்கு வெளியே கறுப்பாக, உருண்டையாக ஒன்று தெரிந்தது. மஞ்சாயி பயந்துவிட்டாள்.

"யாரது?"

"நான்தான் தாயி, மாசாணம். இது என் மூக்கு."

"மூக்கா! ஏண்ணா இப்படி வீங்கிக் கிடக்கு?"

"நாலாவது வளைவுப் பாறையில தேனடை. உன் புருஷன் அங்கே போயி அமுக்குறான். அமுக்குனது அவன், கொட்டு வாங்குனது நான்! நாங்க கரடிங்க தேனைத் தேடிப் போவோம். இப்ப தேனீங்க என்னைத் தேடி வருதுங்க. என் காதும் 'ங்ஙொய்'னு இரையுது. அவன்கிட்ட நீயாவது சொல்லு!"

"சொல்றேன்ணா" என்றாள் மஞ்சாயி. அன்றும் சொல்லவில்லை. அந்தச் சத்தம் நின்றுவிட்டால்? பழையபடி காய் விழும்போதெல்லாம் திடுக்கிட வேண்டுமே!

இதற்கிடையில் ஒரு மரநாய் அந்தப் பக்கம் அடிக்கடி வந்தது. கீழே நின்று நயமாகப் பேசியது.

"தங்கச்சி, தினமும் ஒரு சத்தம் கேக்குதே, அது என்ன?"

"எங்க வீட்டுக்காரர் வர்ற சத்தம்!" மஞ்சாயிக்குப் பெருமை தாங்கவில்லை.

"அடடே! சத்தம் கேட்டதும் நீ என்ன பண்ணுவே?"

"வாசலைக் கொத்தி அகலமா வெப்பேன். அவர் சிரமப்படக் கூடாதில்ல?"

"நல்ல பொண்ணு! நல்ல பொண்ணு!" என்று மரநாய் வாலை ஆட்டிக்கொண்டே போனது. நேராகக் கருமந்தி கடைக்குப் போனது.

அடுத்த நாள் பகலிலேயே மூடுபனி இறங்கிவிட்டது. கீறலில் கிளை தெரியவில்லை, இலை தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. முதல் வளைவில் ஹார்ன் கேட்டது. பிறகு நாலாவதில். ஏழாவதில் கொஞ்சம் மெலிந்து கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

குஞ்சு பசியில் கத்தியது.

"இரு சாமி, அப்பா வந்துடுவார்" என்றாள் மஞ்சாயி. அவள் குரல் அவளுக்கே நம்பிக்கையாக இல்லை. பள்ளத்தில் விழுந்திருப்பானோ? யானை மறித்திருக்குமோ? அவன் வராவிட்டால் இந்தப் பொந்துக்குள் அவளுக்கும் குஞ்சுக்கும் யார் இருக்கிறார்கள்?

அப்போது மரத்தடியிலேயே ஹார்ன் அலறியது.

"பாஆஆஆங்ங்!"

"வந்துட்டார்!" மஞ்சாயிக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலைக் கொத்தினாள். ஒரு கட்டி உதிர்ந்தது. இன்னொரு கட்டி உதிர்ந்தது. தலை நுழைகிற அளவுக்கு வழியாயிற்று. குஞ்சு வாயைப் பிளந்து முன்னால் வந்தது.

அந்த நேரம், கீழே பன்னிரண்டாவது வளைவிலிருந்து வேறொரு சத்தம் வந்தது.

"கொக்! கொக்! வண்டி வருது, ஒதுங்குங்க! கொக்!"

கொம்பையனின் கரகரத்த கூவல். ஜோடி சேர்ந்த புதிதில் அவன் அப்படிக் கூவிக் கேட்டது. அதற்குப் பிறகு எந்த நாளும் அவள் காதில் விழாதது. ஆனாலும் ஆயிரம் பறவைகள் கத்தினாலும் அவளுக்கு அது தெரியும்.

'அவர் அங்கே இருக்கார்னா, இங்கே யாரு?'

ஓட்டைக்கு வெளியே மஞ்சள் கழுத்து தெரிந்தது. கூரிய பற்கள் தெரிந்தன. மரநாய் முன்காலை உள்ளே நீட்டியது!

மஞ்சாயி குஞ்சைப் பின்னால் தள்ளினாள். முழு பலத்தையும் கூட்டி அலகால் குத்தினாள். "மாமா! மாமா!" என்று அலறினாள். காலை இழுத்துக்கொண்ட மரநாய் மறுபடி பாய்ந்தது. அவள் தன் பெரிய அலகையே குறுக்கே கொடுத்து ஓட்டையை அடைத்துக்கொண்டாள்.

"யார்ரா அது என் தங்கச்சி வீட்டு வாசல்ல!"

மாசாணம் உறுமிக்கொண்டு மரத்தில் ஏறினான். மரநாய் டப்பாவைக் கீழே போட்டுவிட்டு ஒரே தாவலில் பனிக்குள் மறைந்தது.

கொம்பையன் கிளை கிளையாகத் தாவி மூச்சிரைக்க வந்தான். ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தான். மஞ்சாயியும் இருந்தாள், குஞ்சும் இருந்தது. அவன் வெகுநேரம் அலகை அவள் அலகோடு வைத்துக்கொண்டே இருந்தான்.

மாசாணம்தான் பேசினான். "தாயி, ஏழாவது வளைவோட இவன் டப்பா ஊமையாயிடுச்சு. ஆசைக்கெல்லாம் அமுக்கித் தீர்த்துட்டான். பனியில எதிரே யானைக்கூட்டம் வருதா, பள்ளம் இருக்கான்னு தெரியலை. அமுக்குடான்னா 'புஸ்'ஸுங்குது! கடைசியில இவனே இறங்கி, முன்னால கத்திக்கிட்டே தாவினான். நான் பின்னாலேயே ஊர்ந்து வந்தேன்."

கீழே கிடந்த டப்பாவை எடுத்துப் புரட்டினான். அதே சிவப்பு வாய்.

"கடையில விக்கிற சத்தம்தானே மாப்ள! நீயும் வாங்கலாம், மரநாயும் வாங்கலாம்."

"என் மேலயும் தப்பு இருக்குண்ணா" என்றாள் மஞ்சாயி. "வாசல் சேதியை நான்தான் அதுகிட்டப் பீத்திக்கிட்டேன். சடையக்கா சொன்னாங்க, நீங்களும் சொன்னீங்க. அந்தச் சத்தம் நின்னுடுமேன்னு நான் அவர்கிட்டச் சொல்லவே இல்லை."

பிறகு கொம்பையனைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "ஏன் மாமா, பழம்தான் இப்போ கூடையில வருதே. உங்க வாய் சும்மாத்தானே இருந்துச்சு இத்தனை நாளும்?"

கொம்பையனுக்கு அது தோன்றவே இல்லை!

மறுநாள் அவன் கருமந்தி கடைக்குப் போனான்.

"வண்டிக்கா, வீட்டுக்கா?" என்றது கருமந்தி.

"வண்டிக்கு! ஒரு வளைவு தாண்டிக் கேட்டாப் போதும்."

ரப்பர் பந்து ஹார்னை வாங்கி ஜீப்பில் கட்டினான். எதிர்ப்பக்கம் தெரியாத வளைவில் மட்டும் ஒரு அமுக்கு. தேனடைப் பாறையருகிலும், மான்கள் குட்டி போடும் ஓடைக்கரையிலும் ஜீப்பை மெதுவாக ஓட்டச் சொன்னான். அங்கே அமுக்குவதே இல்லை. மரநாய் போட்டுவிட்டுப் போன டப்பாவை மாசாணம் சீட்டுக்கடியில் கட்டி வைத்தான். ஜீப் பள்ளத்தில் கிள்ளத்தில் விழுந்தால் உதவிக்கு ஆள் கூப்பிட மட்டும் அது. புள்ளிமான் குட்டியைக் கொம்பையனும் சடையக்காவும் தேடித் தாயிடம் கொண்டுபோய் விட்டார்கள்.

மஞ்சாயி வாசலைக் கெட்டியாகப் பூசிக்கொண்டாள். பழைய அளவுக்கே ஒரு கீறல். அன்று சாயங்காலம் சுவரில் காதை வைத்துக் காத்திருந்தாள். கிளையில் ஒரு காய் விழுந்தது. குரங்கு உலுப்பியது. அவள் அசையவில்லை.

கீழ்வளைவில் "பாம்" என்று ஒரே ஒரு சத்தம். அது யாரோ வழியில் வருபவருக்கு. அது அவளுக்கு இல்லை.

பிறகு ஓடை இரைச்சல் மட்டும். அந்த நேரம் நீண்டுகொண்டே போனது. முன்பைவிட அதிகமாகத்தான் நீண்டது.

அப்புறம் வந்தது.

"கொக்... மஞ்சா... கொக்..."

"அப்பா!" என்று குஞ்சு வாயைப் பிளந்தது. அந்தக் குரலை அதுவும் அடையாளம் கண்டுகொண்டது.

வண்டியின் சத்தத்தை வழியில் வருபவர் ஒதுங்குவதற்குத் தேவையான அளவு மட்டும் கொடுக்க வேண்டும். காத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டியது நம் சொந்தக் குரல்.