பாகப் பந்தலுக்கு ஒரு வரி

முன்னொரு காலத்துல, நாட்டுப் பேரு சொன்னா வம்பு, அது வேணாம், ஒரு ராஜா குடிச்ச தண்ணி கலங்கலா இருந்துச்சு. அவ்ளோதான், ஓடை மேல பாசம் பொங்கிருச்சு. உடனே முரசு அறைஞ்சாச்சு. ஓடையிலேருந்து நாப்பது அடிக்குள்ள மண்ணு வெட்டக் கூடாது, பயிர் வெக்கக் கூடாது, வீடு கூடாது. மாடு தண்ணி குடிக்கலாம், மனுசன் நடந்து போலாம்.

கரையில சடைச்சின்னு ஒரு பொம்பள. பாகக்காப் பந்தல் போட்டு, காய வித்து, நாலு புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்திட்டு இருந்துச்சு. பந்தல் நின்னது முப்பத்தாறாவது அடியில.

மந்திரி நல்லசிவத்துக்கு விகடகவி மாசானத்தக் கண்டாலே ஆகாது. "மன்னா, அந்தப் பந்தலைப் பிரிக்கும் பணியை மாசானத்திடம் கொடுங்கள். எப்போதும் சிரிக்க வைக்கிறாரே, ஒருநாள் அழ வைக்கட்டும்"னாரு. ராஜாவும் சரின்னுட்டாரு.

மாசானம் அளவுகோலத் தூக்கிட்டுப் போனான். சடைச்சி கேட்டுச்சு, "ஏன் சாமி, என் பாகக்கொடியா தண்ணியக் கலக்குச்சு?"

"இல்ல தாயி."

"அப்ப யாரு?"

அதத் தெரிஞ்சுக்க மாசானம் கரையோரமாவே மேல நடந்தான். அங்க பாத்தா, ஓடைய ஒடச்சுப் புதுசா ஒரு வாய்க்கா, முரசு அறைஞ்சப்புறமும் ஆளுங்க வெட்டிக்கிட்டே இருக்காங்க. வெட்டுன செம்மண்ணு கரைஞ்சு ஓடைக்குள்ள போகுது. வாய்க்கா போய் நின்ன எடம் மந்திரி மாந்தோப்பு.

மறுநாள் சபையில, "பந்தல் பிரித்தாயிற்றா?"ன்னாரு ராஜா.

"இல்லை மன்னா, முதலில் ஓடை முழுவதையும் அளந்தேன். அதில் ஒரு கிளை மந்திரியார் தோப்புக்குள் போகிறது. இருபக்கமும் நாற்பது அடி அளந்தால் மாளிகை உள்ளே வருகிறது. இடிக்க ஆட்கள் தயார்."

மந்திரி பதறிட்டாரு. "அது ஓடை இல்லை மன்னா, நான் வெட்டிய வாய்க்கால்."

"அப்படியானால் தடையை மீறி மண் வெட்டியது தாங்கள்தானா?"

"மூடிவிடுகிறேன்."

"மூடவும் மண் வெட்ட வேண்டுமே. அதுவும் தடை"ன்னான் மாசானம்.

ராஜா வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. கழுத்துல கெடந்த முத்துமாலையக் கழட்டி மாசானத்துக்குப் போட்டாரு. அப்புறம் எழுத்தர் பக்கம் திரும்பி, "மந்திரி மாளிகைக்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்"னாரு.

"மன்னா, மாலை வேண்டாம். அதற்குக் கீழேயே பாகற்பந்தலுக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்."

ராஜா முன்னவிட சத்தமா சிரிச்சாரு. "பந்தலுக்கு விலக்காம்"னு கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. மந்திரியும் சேந்து சிரிச்சாரு. மாசானம் சிரிக்காம நின்னான். அவன் நின்ன நெலயப் பாத்து மொத்த சபையும் சிரிச்சுச்சு.

அன்னிக்கு சாயங்காலம் முத்துமாலையோட போய்த்தான் பந்தலப் பிரிச்சான். உதுந்த பிஞ்சுங்கள சடைச்சி ஒண்ணு விடாம மடியில பொறுக்கிக்கிச்சு.