வினைமுதல் இல்லாத ஊர்

மெய்யூரின் நடுவில் ஒரு மரம் நிற்கிறது. அதன் நிழலில் பொய் சொன்னவரை அதன் வேர்கள் மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். தாமதிப்பதில்லை, மன்னிப்பதும் இல்லை.

ஒருமுறை வெளியூர் வளையல் வணிகர் ஒருவர், விவரம் அறியாமல், அந்த நிழலில் கடை விரித்தார். “இந்த வளையல் கல்லில் விழுந்தாலும் உடையாது, தாயே” என்றார். அவருடைய தலைப்பாகை மட்டும் கிடைத்தது. வளையல்கள் எல்லாம் உடைந்து கிடந்தன.

இப்படிப்பட்ட மரத்தடியில் வாழ்பவர்கள் உண்மையே பேசுவார்கள் என்று பிற ஊரார் நம்பினர். மெய்யூரார் அதைவிட எளிய வழி ஒன்றைக் கண்டிருந்தனர். அவர்கள் இலக்கணம் கற்றனர்.

எந்த வழக்கும் அந்த நிழலில்தான் கேட்கப்படும். “நான் செய்தேன்” என்று ஒப்புக்கொண்டவரை மரம் தொடாது, ஊர் தொடும். அவர் வீட்டையும் நிலத்தையும் விட்டு ஆற்றைக் கடந்துவிட வேண்டும், திரும்பி வரலாகாது; உறவினரும் அவரைச் சென்று காணலாகாது. ஆகவே மெய்யூரில் பானை உடைக்கப்படும், ஆடு திருடப்படும், வேலி நகர்த்தப்படும். உடைத்தவர், திருடியவர், நகர்த்தியவர் எவரும் இரார். மற்ற ஊர்களில் ஏட்டில் மட்டும் கிடக்கும் செயப்பாட்டுவினை, அங்கே நடைபழகும் குழந்தையின் வாயிலும் வந்தது: “அம்மா, பால் கொட்டப்பட்டது.”

ஆற்றின் அக்கரையில் மங்கலை என்னும் ஆசிரியை தனியாக வாழ்ந்தார். நாடிச் செல்வோருக்கு இலக்கணம் கற்பித்தார். மெய்யூரைச் சேர்ந்த பேராச்சி என்ற கைம்பெண் அவரிடம் மாணவியாகச் சென்றாள். அவள் ஆசிரியையைவிட மூத்தவள்; ஆகவே அவர் அவளை ‘அக்கா’ என்றே அழைத்தார்.

ஓடத்தில் ஏறும்போதே ஓடக்காரர் கேட்டார்: “போய்வருகிறீர்களா, போகிறீர்களா?”

“போய்வருகிறேன்.”

“எல்லோரும் அப்படித்தான் சொல்லி ஏறுகிறார்கள்” என்று சிரித்துத் துடுப்பை எடுத்தார்.

மங்கலை அவளை அமரச் செய்து கேட்டார்: “எதற்குக் கற்க வந்தீர்கள், அக்கா?”

“எங்கள் மரம் செவிடா என்று அறிய வந்தேன், அம்மா.”

“விளங்கச் சொல்லுங்கள்.”

“என் கணவர் மாசானம் ஏரியின் நீர்கட்டி. மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. சென்ற ஆண்டுக் கோடையில் மதகின் வாயைக் கோரை அடைத்துக்கொண்டது. அதை அறுக்க உள்ளே இறங்கினார். அவர் உள்ளே இருக்கும்போதே மேலே மதகைத் திறந்துவிட்டார்கள்.”

“யார் திறந்தது?”

“அன்று கரையில் இருந்தவர்கள் ஊர்த்தலைவர் தளவாயும் அவருடைய ஆட்களும். ஒவ்வொருவராக நிழலில் வந்து நின்றார்கள். ‘மதகு திறக்கப்பட்டது, மாசானம் இறந்தார்’ என்றார்கள். மரம் ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. அவரைத் தண்ணீர் கொன்றது என்று தீர்ப்பாயிற்று.”

“மதகின் திறவுகோல் எங்கே இருந்தது?”

“வீட்டில் இருந்தது.”

“பிறகு?”

“எடுக்கப்பட்டது.”

மங்கலை அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த ஏட்டைப் பார்த்தார்.

“மரம் செவிடு அன்று, அக்கா. ‘மதகு திறக்கப்பட்டது’ என்பது பொய்யா?”

“பொய் இல்லை.”

“‘மாசானம் இறந்தார்’ என்பது?”

பேராச்சி தலையை மட்டும் அசைத்தாள்.

“‘மதகு திறக்கப்பட்டது’ என்ற வாக்கியத்தில் எழுவாய் எது?”

“மதகு.”

“மதகு என்ன செய்தது?”

“அது என்ன செய்யும்? கல்லும் இரும்பும். சும்மா கிடந்தது.”

“அப்படியானால் எழுவாய் இருக்கிறது; வினைமுதல் இல்லை. வினையைச் செய்தவர் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறார். அவரை உள்ளே அழையுங்கள். ‘மதகைத் திறந்தவர் யார்?’ என்று கேளுங்கள்.”

“நிழலில் நின்றா?”

“நிழலில் நின்றே கேட்கலாம். விடைதான் பொய்யாகும்; வினா ஒருபோதும் பொய்யாகாது.”

அடுத்த வழக்குநாளில் பேராச்சி மரத்தடிக்குச் சென்றாள். தளவாய் தன் இடத்தில் அமர்ந்திருந்தார்.

“மறுபடியும் என்ன, மதினி?”

“ஒரு வினா உண்டு, அண்ணாச்சி.”

“கேட்கப்படட்டும்.”

“மதகைத் திறந்தவர் யார்?”

“மதகு திறக்கப்பட்டது என்று முன்பே சொல்லப்பட்டதே.”

“நான் மதகைக் கேட்கவில்லை. வினைமுதலைக் கேட்கிறேன்.”

கூட்டத்தில் ஒருவன் உரக்கச் சொன்னான்: “மதினிக்கு அக்கரையில் இலக்கணம் ஊட்டப்பட்டிருக்கிறது!” எல்லோரும் சிரித்தனர். தளவாய் சிரிக்கவில்லை. அதைக் கண்டு மற்றவர்களும் நிறுத்திக்கொண்டனர்.

“ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது, அண்ணாச்சி” என்றாள் பேராச்சி. “யார்?”

தளவாய் எழுந்து நின்றார். ‘நான் திறக்கவில்லை’ என்றால் வேர். ‘நான் திறந்தேன்’ என்றால் ஆறு. ‘நாங்கள் திறந்தோம்’ என்றால், அன்று அவருடன் கரையில் நின்ற அத்தனை பேருக்கும் ஆறு. அவர்கள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தனர். அவர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“நாம் திறந்தோம்” என்றார்.

கூட்டம் நிழலைவிட்டுச் சிதறி ஓடியது. ‘நாங்கள்’ என்பது கேட்பவரை வெளியே நிறுத்தும். ‘நாம்’ என்பது கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கேட்பவளோ இறந்தவனின் மனைவி. கணவனைக் கொன்ற கையோடு அவளுடைய கையையும் தலைவர் சேர்த்துவிட்டார். இதைவிடப் பெரிய பொய்யை அந்த மரம் கேட்டதில்லை என்று ஊர் நினைத்தது.

மண் விரிந்தது. கைத்தடிப் பருமனுள்ள வேர் ஒன்று எழுந்து, தளவாயின் கணுக்காலை ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் கண்களை மூடிக்கொண்டார். பேராச்சி கண்களை மூடவில்லை.

வேர் இறுக்கவில்லை. சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு தளர்ந்தது. அவிழ்ந்து, நகர்ந்து, பேராச்சியின் பாதத்தருகே வந்து நின்றது. அவளைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விட்டது.

“மரம் ஏற்றுக்கொண்டது!” என்று தொலைவிலிருந்து ஒருவர் கத்தினார்.

தளவாய் அவளருகே வந்தார். அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

“திறவுகோலை என் கையில் தந்தது யார், மதினி? நிழலில்தானே நிற்கிறீர்கள். சொல்லுங்கள், பார்ப்போம்.”

பேராச்சி நிழலைவிட்டு வெயிலுக்குள் நடந்தாள்.

அன்று மாலைக்குள் அவள் மீண்டும் மங்கலையின் முன் இருந்தாள். மங்கலை தம் ஏடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நான்தான் தந்தேன்” என்றாள் பேராச்சி.

“சொல்லுங்கள்.”

“அவர் இறங்குவதற்கு முன் ‘திறவுகோலை எவர் கேட்டாலும் தராதே’ என்று சொல்லிவிட்டுப் போனார். உச்சிவேளையில் தளவாய் வந்தார். பயிர் கருகுகிறது என்றார். எங்கள் வயல் தலைமடையில் இருக்கிறது. முதல் நீர் அதற்குத்தான் பாயும். என் கணவர் இந்நேரம் கரையேறியிருப்பார் என்று எண்ணினேன்.”

“எண்ணினீர்களா?”

பேராச்சி தரையைப் பார்த்தாள்.

“எண்ணிக்கொண்டேன்.”

“பயிர் என்னவாயிற்று?”

“விளைந்தது. அந்த ஆண்டைப் போல் என்றும் விளைந்ததில்லை.”

மங்கலை ஏடுகளைக் கயிற்றால் கட்டினார்.

“இதை முதல்நாளே சொல்லியிருக்கலாமே, அக்கா.”

“நீங்கள் கேட்கவில்லை.”

“கேட்டேன்.”

ஆற்றிலிருந்து காற்று வீசியது. பேராச்சி முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். திடீரென்று அவள் குரல் உயர்ந்தது.

“எல்லாம் சரி. நான் திறவுகோலைத் தந்தேன். மதகில் அதைச் சுற்றியது அவர்கள் கை! நான் வீட்டில் இருந்தேன். கரையில் நின்று குனிந்து பார்த்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். இரண்டும் ஒன்றா? ‘நாம்’ என்று ஒரே சொல்லில் அள்ளிப் போட்டுவிட்டால் ஆயிற்றா?”

“இரண்டும் ஒன்று அல்ல.”

“பிறகு மரம் ஏன் அவரை விட்டது?”

“அவர் பொய் சொல்லவில்லை. அதனால் விட்டது.”

“அப்படியானால் எல்லோரும் உண்மை பேசியாயிற்று. என் கணவரைக் கொன்றவர் எவரும் இல்லை. அப்படித்தானே?”

“மரம் அப்படிச் சொல்லவில்லை. ‘நாம்’ என்பதற்கு ஒருமை என்ன, அக்கா?”

“நான்.”

“‘நாம்’ என்றவரை ஊர் என்ன செய்யும்?”

“என்ன செய்ய முடியும்? ஊரையே ஆற்றைக் கடக்கச் சொல்ல முடியுமா?”

“அந்தப் பன்மையைப் பிரித்தால்?”

பேராச்சி சற்று யோசித்தாள். “ஒவ்வொருவராக வரும். நான் சுற்றினேன், நான் பார்க்காமல் நின்றேன், நான் தந்தேன்…” அங்கே நிறுத்திக்கொண்டாள்.

“ஆம். அளவுகள் அப்போதுதான் தெரியும்” என்றார் மங்கலை. “யாருடைய கை எவ்வளவு என்று.”

“யார் முதலில் சொல்வது?”

மங்கலை ஏட்டுக்கட்டை மாடத்தில் வைத்தார்.

“நான் சொன்னால் வீடு போகும். வயல் போகும். போகட்டும், அந்த வயலின் சோறு எனக்கு இறங்குவதில்லை. ஆனால் என் மகளை அந்த ஊரிலேயே மணம்செய்து கொடுத்திருக்கிறேன், அம்மா. இது அவளுக்கு ஏழாம் மாதம். ஆற்றைக் கடந்தால் அவள் முகத்தையும் பார்க்க முடியாது, பிறக்கும் பிள்ளையின் முகத்தையும் பார்க்க முடியாது.”

“முடியாது.”

“நான் ஒருத்தி சொன்னால், அதைக் கேட்டு வெட்கப்பட்டாவது தளவாய் சொல்வாரா? அவருடன் இருந்தவர்களில் ஒருவனாவது சொல்வானா?”

மங்கலை எழுந்து வாசலுக்குச் சென்றார். எதிர்க்கரையில் மெய்யூரின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன.

“நானும் அந்த ஊரில் பிறந்தவள்தான்” என்றார். “அங்கே ஒரு கொட்டில் எரிந்தது. உள்ளே ஒரு கிழவர் உறங்கிக்கொண்டிருந்தார். விளையாட்டாகத் தீ வைத்தவர்கள் நான்கு தோழிகள். நிழலில் நின்று ‘நான் வைத்தேன்’ என்றேன். மற்ற மூவரும் தாமே சொல்வார்கள் என்று அவர்களின் பெயரை நான் சொல்லவில்லை.”

“சொன்னார்களா?”

“மூவரும் நலமாக இருக்கிறார்கள். ஒருத்திக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று ஓடக்காரர் சொன்னார்.”

பேராச்சி எழுந்து அவரருகே வந்தாள்.

“இதை அறிந்திருந்துமா என்னைச் சொல்லச் சொல்கிறீர்கள்?”

“சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை, அக்கா” என்றார் மங்கலை. “‘யார்?’ என்று நீங்கள்தான் கேட்டீர்கள்.”