‘உப்புக் காத்து’ யாருக்கு?

புதிர் ஒன்று சொல்கிறேன். விடை தெரிந்தவர்கள் கடைசிவரை வாயைப் பொத்திக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஓர் ஐஸ் பிளாண்ட். அதன் பின்கட்டில் பிறந்தது ‘உப்புக் காத்து’ இசைக்குழு. பாட்டும் கிதாரும் ஜெசிந்தா, பேஸ் கிதார் மந்திரமூர்த்தி, டிரம்ஸ் நசீர். வாசித்தது போஸ்ட்-பங்க். அதாவது, பேஸ் முன்னால் நடக்கும், கிதார் முறைத்துக்கொண்டே பின்னால் வரும், பாடகி காதலை விட்டுவிட்டு பஸ் வராததைப் பற்றி வெறுப்பாகப் பாடுவாள்.

இடம் கொடுத்தவள் பிளாண்ட் முதலாளி அன்னத்தாய் அக்கா. ஒரே நிபந்தனை: “மெஷின நிப்பாட்டுன்னு மட்டும் சொல்லப்பிடாது.” அடுத்த அறையில் ஐஸ் மெஷினின் கம்ப்ரசர் ‘டுக்கும் டுக்கும்’ என்று ஓட, இவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்று வாசிப்பார்கள். முகம் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். போஸ்ட்-பங்க்கில் சிரிக்கக் கூடாதாம்.

அங்கேயே பதிவு செய்து இணையத்தில் விட்ட பாட்டு பற்றிக்கொண்டது. ஐஸ் ஏற்ற வரும் வண்டிகளைவிடப் பாட்டுக் கேட்க வரும் பைக்குகள் அதிகமாயின. சென்னை இசை விழாவிலிருந்தே ஒருவர் போனில் அழைத்து, மேடை தருவதாகச் சொல்லி, வானொலிச் செய்திக் குரலில் உருகினார்: “பாட்டுக்கு அடியில ஒண்ணு ஓடுது பாருங்க, அதுதாங்க உயிரு!”

வந்தது வினை.

“அது என் பேஸுல்லா?” என்றான் மந்திரமூர்த்தி.

“ஏல, உயிருன்னாலே டிரம்ஸுதாம்ல!” என்றான் நசீர்.

“ரெண்டு பேரும் சும்மா கெடங்கல. அவர் சொன்னது என் குரல்ல இருக்க வேதனைய,” என்றாள் ஜெசிந்தா.

“ஒனக்கு ஜலதோஷம்ட்டி!” என்றான் நசீர்.

குழு உடைந்தது. மூவரும் தனித்தனிக் குழு தொடங்கினார்கள், மூன்றுக்கும் அதே பெயர் கேட்டார்கள். பெயர் யாருக்கோ, சென்னை மேடை அவருக்கு. வழக்கு அக்காவிடம் வந்தது.

“ஒவ்வொருத்தரா ஒதுங்கி நில்லுங்க. யார் இல்லாட்டி பாட்டு செத்துப்போகுதோ, பேரு அவுகளுக்கு.”

மூவரும் ஆம்ப்ளிஃபயர்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள்.

கூட்டம் கூடியது. முதலில் ஜெசிந்தா வாயை மூடினாள். கூட்டமே பாடியது, அவளைவிட வெறுப்பாக. அடுத்து நசீர் குச்சிகளைக் கீழே வைத்தான். கூட்டம் மீன் பெட்டிகளில் தட்டியது, ஓர் அடிகூடப் பிசகவில்லை. மந்திரமூர்த்தி பேஸை நிறுத்தியதை ஒருவரும் கவனிக்கவேயில்லை. “யோவ், நான் வாசிக்கலய்யா!” என்று அவனே கத்த வேண்டியதாயிற்று.

தீர்ப்புச் சொல்ல எழுந்தாள் அக்கா. “இந்தச் சத்தத்துல நான் பேசுதது ஒருத்தருக்கும் கேக்காது. ரெண்டு நிமிசத்துல ஐஸ் ஒண்ணும் உருகிராது,” என்று கம்ப்ரசரை நிறுத்தினாள்.

கிடைத்த அமைதியில், அக்காவின் மனதைக் கரைக்க மூவரும் கடைசியாக ஒருமுறை சேர்ந்து வாசித்தார்கள். நசீரின் டிரம்ஸ் ரயிலைப் பிடிக்க ஓடியது. மந்திரமூர்த்தியின் பேஸ் மாட்டுவண்டியில் வந்தது. எவனோடு போவது என்று தெரியாமல் ஜெசிந்தா நடுவழியில் நின்றாள். அரை நிமிடத்தில் பாட்டு படுத்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள்: செய்த சத்தியப்படி அந்தப் பெயர் யாருக்கு? சென்னைக்குப் போவது யார்?

விடை: பெயர் கம்ப்ரசருக்கு. மூவரில் எவர் ஒதுங்கியபோதும் பாட்டு ஓடியது. அது ஒதுங்கியதும் செத்தது. எல்லோரையும் ஒரே தாளத்தில் இழுத்துப் பிடித்திருந்தது அதன் ‘டுக்கும்’தான். சென்னைக்கு ஒருவரும் போகவில்லை. அக்காவே விழாக்காரரை போனில் பிடித்தாள்: “குழு ஒடஞ்சிட்டு தம்பி. பேருக்கு உடையவரு ஊர் தாண்டமாட்டாரு, எடை ஜாஸ்தி. கேக்கணும்னா நீங்கதான் கூட்டத்தக் கூட்டிட்டு இங்க வரணும். வாறப்ப ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துக்கிடுங்க.”