மரநாய் கேட்ட காவல் வேலை

பனங்காட்டை அடுத்த மலைக்குச் சிறுத்தை ஒன்று வந்து சேர்ந்தது. அன்றே விலங்குகள் தங்கள் குட்டிகளை எல்லாம் காவலர்களிடம் ஒப்படைத்து, ஒரு குகையில் ஒளித்து வைக்கச் செய்தன. குகை எங்கே இருக்கிறது என்று காவலர்களுக்கு மட்டும்தான் தெரியும். பெற்றவர்களுக்குக்கூடத் தெரியாது.

புனுகன் என்ற மரநாயின் ஒரே மகளும் அங்கேதான் இருந்தாள். தாயில்லாத குட்டி. காவலர்களில் ஒருவருக்குக் கால் ஒடிந்துபோகவே, அந்த இடத்துக்கு ஆள் தேடினார்கள். வேலை கிடைத்தால் தினமும் மகளைப் பார்க்கலாம். புனுகன் மீசையை நக்கித் துடைத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றான்.

காவலுக்குத் தலைவியான முள்ளம்பன்றி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கள்ளு குடிப்பியா, தம்பி?"

"எப்பவோ ஒரே ஒரு தடவை, அக்கா. வாசம் பார்க்கத்தான் போனேன். கலயத்துல தலை மாட்டிக்கிச்சு. உள்ளே இருந்ததைக் குடிச்சாத்தானே மூச்சு விட முடியும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடமான் மட்டும் சிரிக்கவில்லை. அதன் கன்றும் குகையில்தான் இருந்தது.

"ஒரே தடவையா? போன பங்குனியில என் கொம்பைப் பனைமட்டைன்னு நினைச்சு ஏறினது யாரு?"

"அது நீங்களா, அண்ணே? பனை ஏன் நடக்குதுன்னு அப்பவே எனக்குச் சந்தேகம்."

"எங்க வளை வாசல்ல படுத்துக்கிட்டு விடிய விடிய பாடினது?" என்று முயல் கேட்டது.

புனுகனின் வால் தாழ்ந்தது.

"சரி, மூணு தடவை. ஆனா ஒண்ணு, அக்கா. எவ்வளவு குடிச்சாலும் ஒரு ரகசியத்தையும் நான் வெளியே விட்டதில்லை."

முள்ளம்பன்றி மெதுவாகக் கேட்டாள்: "அன்னைக்கு என்ன பாட்டுப் பாடினே?"

புனுகன் யோசித்தான். கலயம் ஞாபகம் வந்தது. பாட்டு வரவில்லை.

"ஞாபகம் இல்லை, அக்கா."

"எதைப் பாடினோம்னே தெரியாதவனுக்கு, எதைச் சொல்லலைன்னு மட்டும் எப்படிப்பா தெரியும்?"

புனுகனுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றது. தான் மட்டையாகிக் கிடந்து குகைக்கு வழி பாடுவதும், சிறுத்தை பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்பதும் கண்முன்னே வந்தன.

"என் மகளை இந்தப் பயல்கிட்ட விடுவியான்னு என்னைக் கேட்டா, நானே விட மாட்டேன்," என்றான்.

"இப்பத்தான் உண்மை பேசுறே. குடிச்சதைவிட, மூணை ஒண்ணுன்னு சொன்னதுதான் எங்களை உறுத்துது. அடுத்த பங்குனி வரைக்கும் பனைப் பக்கம் போகாம இரு. அப்புறம் வா, பார்ப்போம். உன் மகள்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"அவ அப்பனுக்குக் கிடைக்க இருந்த வேலையை ஒரு குடிகாரன் கெடுத்துட்டான்னு சொல்லுங்க. அந்தக் குடிகாரன் யாருன்னு கேட்டா, அதையும் மறைக்காம சொல்லிடுங்க."

குடித்துத் தன்னை மறப்பவன் அதை ஒளிக்கவும் செய்தால், அவனை நம்பி யாரும் எதையும் ஒப்படைக்க மாட்டார்கள்.