எந்தப் பக்கம் குத்துவது?

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தைந்து. மூட்டு வைத்தியர் ரெஹானாவிடம் முட்டிக்குள் ஊசி போடக் கற்றுக்கொள்ள, டாக்டர் சிகாமணி வாரம் ஒருநாள் தன் கிளினிக்கைப் பூட்டிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறுவார். சின்னவரிடம் கற்பதில் அவருக்கு வெட்கமில்லை. பயம்தான் இருந்தது.

காரணம், மினி பஸ் கண்டக்டர் செல்லக்கிளி. போன மாதம் சிகாமணி தன் கிளினிக்கில் போட்ட ஊசி எலும்பில் இடித்து அவள் போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்தவர்களில் பாதிப்பேர் நழுவிவிட்டார்கள். இன்று அவளைக் கெஞ்சிக் கூத்தாடி ரெஹானாவிடம் கூட்டி வந்திருந்தார்.

"இதான் கடைசி. இன்னிக்கும் அப்படி வலிச்சா ஊசியும் வேணாம், பஸ்ஸும் வேணாம். வீட்டோட கிடந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

சிகாமணி குருவிடம் மெல்லக் கேட்டார்.

"உள்பக்கமா, வெளிப்பக்கமா, முன்பக்கமா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுது. எது சிறந்த வழி டாக்டர்?"

ரெஹானா பக்கத்துக் கட்டிலைக் காட்டினார்.

"படுங்க சார்."

"நானா?"

"நீங்கதான்."

பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு படுத்தார். ரெஹானா நீளமான ஊசி ஒன்றை எடுத்து அவர் முட்டியருகே கொண்டுபோனார்.

"உங்க முட்டிச் சில்லை அசைங்க, பார்ப்போம்."

கையால் அசைத்துப் பார்த்தார். ஆணி அடித்தாற்போல் நின்றது. பயத்தில் தொடை விறைத்துக் கிடந்தது.

"இப்ப எந்த வழி சிறந்தது சார்?"

"ஒரு வழியும் இல்லை." அவருக்கு வியர்த்தது. "அன்னிக்கு அந்தம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்."

ரெஹானா ஊசியைக் கீழே வைத்தார்.

சிகாமணி எழுந்து செல்லக்கிளியிடம் போனார். முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். சில்லின் மேல் கையை வைத்தபடி சும்மா உட்கார்ந்தார்.

"அன்னிக்கு உங்களை வதைச்சிட்டேன்மா. இன்னிக்கு நீங்க சொன்னாத்தான் போடுவேன்."

"நீங்க படுத்துக் கிடந்த கோலத்தப் பாத்து எனக்கே பாவமா போச்சு டாக்டரு" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்பில் தொடை தளர, அவர் கைக்கடியில் சில்லு மெல்ல நழுவியது. அதன் மேல் ஓரத்தில், வெளிப்பக்கம், விரலுக்கு ஓர் இடைவெளி தட்டுப்பட்டது.

"போடுங்க" என்றாள்.

தோலைத் துடைத்துவிட்டுப் போட்டார். ஊசி எதிலும் இடிக்காமல் உள்ளே போனது. அவள் கத்தவில்லை. இறங்கி நின்று காலை ஊன்றிப் பார்த்து, "ரைட், போலாம்!" என்றாள். சிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் போனதும் நோட்டை விரித்தார்.

"அப்ப, மேல் வெளிப்பக்கம்தான் சிறந்த வழி. எழுதிக்கவா டாக்டர்?"

"எழுதிக்கங்க சார்" என்றார் ரெஹானா. "பக்கத்துலயே செல்லக்கிளின்னு பேரையும் எழுதுங்க."